அந்த அரைமணி என்னுடையதல்ல

“கொழுந்து பறிக்கிற கைக்கு உது சரிவராது, பிள்ளை.”

பேராசிரியர் இதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். பிளேன்டீயில் சீனியைக் கலக்கிக்கொண்டே, கரண்டியை எடுத்துக் கோப்பையின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

மேசையைச் சுற்றி அவர், நான், அலுவலக வேலைகளைப் பார்த்துக்கொண்ட நஸீஹா, கொழும்பிலிருந்து கருவியைப் பார்க்க வந்திருந்த இரண்டு மாணவர்கள். மாணவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்தபின் சுவரைப் பார்த்தான்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். ஆனால் வாயில் வந்தது, “இன்னொரு தடவ பாத்துர்றேன் சார்” என்பது மட்டுந்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் அப்பாவைப் பெற்றவர்கள் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள்தான். அப்பா கண்டி நகரசபையில் தண்ணீர்ப் பிரிவில் கிளார்க். என் கை கொழுந்து பறித்ததில்லை. பறித்திருந்தாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் பறித்ததைத்தான் அவர் அப்போது சீனி போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். இந்த மாதிரிப் பதில்களெல்லாம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுதான் வந்து தொலைக்கும்.

துரை விட்டுப்போன கண்ணாடி

எந்த இடம் என்று சொல்ல வேண்டும். கண்டியிலிருந்து கலகெதர போகிற வீதியில், மேலே ஏறுகிற ஒரு கிளைப் பாதை. அதன் முடிவில் ஒரு பழைய தோட்டத்துரை பங்களா. அந்தத் துரைக்கு வேட்டைப் பைத்தியமும் இல்லை, குதிரைப் பைத்தியமும் இல்லை. சூரியனைப் பார்க்கிற பைத்தியம். சுதந்திரம் கிடைத்தபின் மற்றத் துரைமார் மூட்டை கட்டியபோது இவர் மட்டும் இங்கேயே இருந்து செத்தார். பங்களாவை ஒரு அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். சூரியனைப் பார்ப்பதைத் தவிர வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை.

கூரையில் ஒரு கண்ணாடி சூரியனோடு சேர்ந்து மெல்லத் திரும்பும். அது வாங்குகிற வெளிச்சம் இன்னொரு கண்ணாடியில் பட்டு, ஒரு நீண்ட குழாய் வழியாகக் கீழே இறங்கி, துரையின் சாமான் அறையாக இருந்த இருட்டறைக்குள் போகும். அந்த அறையில் எவ்வளவு காலம் போனாலும் கருவாட்டு வாசமும் ஏலக்காய் வாசமும் போகவில்லை. சூரியனை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் வருவது கருவாட்டு வாசந்தான்.

“வீட்ல கரன்ட் இல்ல, இதுல சூரியன்ல காத்தடிக்கிறத அளக்கப் போறாளாம்” என்று என் சித்தி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். சித்தி சொன்னதை மன்னித்துவிட்டேன். சித்திக்கு என்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த இடத்தை நடத்திய பேராசிரியருக்கு இருந்தது.

சூரியனில் எதை அளந்தோம்

இதைச் சொல்லாமல் என் கோபம் உங்களுக்கு விளங்காது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூரியனின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி இருக்கும். சூடான பிளாஸ்மா மேலே வரும். ஆறியது ஓரத்தில் கீழே இறங்கும். ஆனால் காந்தப்புலம் வலுத்த இடங்களில் அந்தக் கொதிப்பு அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கிய இடத்தில் பிளாஸ்மா சும்மா நிற்கிறதா, இறங்குகிறதா, இறங்கினால் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது? எங்கள் கேள்வி இவ்வளவுதான். இதற்காகத்தான் காலை முழுவதும் அந்தச் சாமான் அறையில் குந்திக்கொண்டிருந்தோம்.

சூரிய வெளிச்சத்தை நிறம் நிறமாக விரித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். சூரியனில் இருக்கிற இரும்பு போடுகிற கோடு ஒன்று சிவப்புப் பகுதியில் இருக்கிறது. காந்தப்புலம் இருந்தால் அந்தக் கோடு பிளந்து விரியும். எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு காந்தம். பிளாஸ்மா நம்மை நோக்கி வந்தால் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு வேகம்.

நகர்ந்தது என்று சொல்ல, நகராத ஒன்று பக்கத்தில் வேண்டும். அது எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அந்த இரும்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நம்முடைய காற்றில் இருக்கிற ஆக்சிஜன் போடுகிற கோடுகளும் உண்டு. சூரியனில் என்ன நடந்தாலும் அவை அசையாது. கலகெதர மலைக்கு மேலே நிற்கிற காற்றை, நானும் நஸீஹாவும் மூச்சு விடுகிற காற்றை, அடிமட்டமாக வைத்துச் சூரியனை அளந்தோம். அந்த அழகுக்காகவே நான் அந்த வேலையை விடாமல் இருந்தேன்.

ஒரே ஒரு சிக்கல். நாமும் சும்மா நிற்கவில்லை. பூமி சுற்றுவதால் காலையில் நாம் சூரியன் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறோம், உச்சியில் குறுக்கே போகிறோம், பின்னேரம் விலகிப் போகிறோம். இந்த வேகத்தைக் கழித்தால்தான் சூரியனுடைய வேகம் கையில் கிடைக்கும். அதைக் கழிக்க, படம் எடுத்த நேரம் சரியாகத் தெரிய வேண்டும்.

இருட்டறையில் சுவர்க் கடிகாரம் கிடையாது. கணினிக்கு ஒரு கடிகாரம் இருந்தது. மின்சாரம் போகும்போதெல்லாம் அது ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விடும். ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்து நாங்களே நேரத்தைத் தட்டிப் போட்டோம். ஒரு நாள் அவர், மறு நாள் நான். எத்தனை மணிக்குத் தொடங்குவது என்ற பேச்சே இல்லை. மூடுபனி விலகினால் வேலை தொடங்கும், மேகம் வந்தால் முடியும்.

அவருடைய நாளும் என்னுடைய நாளும்

பேராசிரியரின் நாட்களில் பிளாஸ்மா விழுந்தடித்துக்கொண்டு கீழே போனது. என்னுடைய நாட்களில் அதே இடத்தில் மெல்ல இறங்கியது.

சூரியனுக்கு இன்றைக்கு யார் முறை என்று தெரியுமா? தெரியாது. அப்படியானால் ஒருவர் அளப்பது பிழை. அவர் யார் என்பதில் பேராசிரியருக்கு ஒரு நிமிடமும் சந்தேகம் வரவில்லை. வேகமாக இறங்குகிறது என்பது யாரும் சொல்லாத முடிவு. வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டார். என் நாட்களைத் தூக்கிப் போட வேண்டும் என்றார். கொழுந்து பறிக்கிற கை என்று சொன்னது அந்தத் தேநீர் நேரத்தில்தான்.

அப்போது நான் தற்காலிக உதவியாளர். வேலையை நிரந்தரமாக்குவது பற்றி அறக்கட்டளைக் கூட்டம் முடிவு செய்ய இருந்தது. ‘கவனக்குறைவு’ என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், என் கதை முடிந்தது. வேலை போவதைவிட, அளக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்துக்கொண்டு போவதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தத் துறையில் ஒருத்திக்கு இருக்கிற சொத்தே, அவள் அளந்தால் நம்பலாம் என்கிற பெயர்தான்.

கண்ணாடிகளைத் துடைத்தேன். திருகுகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒளியை வடிகட்டுகிற தகட்டைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். என் கண்ணில் கோளாறோ என்று கண்டியில் கண் டொக்டரிடம் போய் வந்தேன். என்மேலேயே எனக்குச் சந்தேகம் வரும்படி செய்தார் பாருங்கள், அதற்கு ஈடாக அவர் எனக்கு என்ன கொடுத்திருந்தாலும் பற்றாது.

“நீங்க ஏன் அழுற? அந்த மனிசன்ட பேச்செல்லாம் காதுல போடாதீங்க” என்று நஸீஹா சொன்னாள். அலவத்துகொடயிலிருந்து வருகிறவள். அவளுடைய உம்மா கட்டிக் கொடுக்கிற வட்டிலப்பத்தில் பாதி எனக்குத்தான்.

“அழுகல்லாம் இல்ல. கோவம்” என்றேன். உண்மையில் இரண்டுந்தான்.

பழைய நேரமா, புது நேரமா?

இளம் வாசகர்களுக்கு இது தெரியாது. மின்சாரத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த ஒரு வருடம், வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கூச்சல் வந்ததும் அரைமணி பின்னால் இழுத்தது. மிச்சம் அரைமணி அப்படியே பத்து வருடம் போல முன்னால் நின்றது.

எல்லோரும் அதை ஏற்கவில்லை. பல பன்சலைகளில், அதாவது பௌத்த விகாரைகளில், பழைய நேரந்தான் நடந்தது. எங்கள் பஞ்சாங்கமும் மாறவில்லை. கலியாணக் கார்டில் முகூர்த்தத்துக்குப் பக்கத்தில் ‘பழைய நேரம்’ என்று அச்சடிப்பார்கள். அதைக் கவனிக்காமல் போய், தாலி கட்டுவதற்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்த என் மாமாவை இன்றைக்கும் வீட்டில் கேலி செய்கிறோம். கண்டிக் கடைத்தெருவில் யார் எந்த மணி சொன்னாலும், பழசா புதுசா என்று ஒரு கேள்வி கூடவே வரும்.

வேகத்தைக் கழிக்கிற கணக்கைக் கணினியில் எழுதி வைத்தவர் பேராசிரியர். அதில் இலங்கை நேரம் பழையபடி இருந்தது. அரசாங்கம் நேரத்தை மாற்றியதும் நான் அதைத் திருத்தினேன். திருத்திய அன்றே அவரிடம் சொன்னேன்.

“ஓம், ஓம்” என்றார். அவருக்கு என் பேச்சு எப்போதும் அறை வாசலோடு சரி.

கூட்டம்

அறக்கட்டளைக் கூட்டம் காலை பத்து மணிக்கு. தலைவர் கண்டியில் நல்ல பெயருள்ள ஒரு சிங்கள வழக்கறிஞர். நாங்கள் ‘லோயர் மாத்தயா’ என்போம். அவரும் மற்ற இரண்டு அங்கத்தவர்களும் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் விஷயந்தான் முதலாவது. நான் ஒரு மூலையில் கதிரை நுனியில் இருந்தேன். பேராசிரியரைக் காணவில்லை.

பத்தேகால் ஆனது. பத்தரை ஆனது. லோயர் மாத்தயா விரலால் மேசையில் தாளம் போடத் தொடங்கினார். அப்போது பேராசிரியர் ஆறுதலாக உள்ளே வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அரைமணி நேரமாக் காத்துக்கிட்டு இருக்கோம், புரொபெசர்” என்றார் லோயர் மாத்தயா. அவர் தமிழ் நன்றாகப் பேசுவார்.

“அரைமணியோ? சரியாப் பத்துக்கு வந்திருக்கிறன்” என்று பேராசிரியர் தன் கையை நீட்டி மணிக்கூட்டைக் காட்டினார்.

லோயர் மாத்தயா எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “பரண வெலாவ! பழைய நேரம்! நம்ம பன்சலையிலயும் இப்படித்தான். பெரிய பிக்கு, நாயக்க ஹாமுதுருவோ, இன்னும் மாத்தவே இல்ல.” மற்றவர்களும் சிரித்தார்கள். குறிப்பெழுத வந்திருந்த நஸீஹாகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. அரைமணி. அரைமணியில் பூமி எங்களை எவ்வளவு திருப்பும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. அவருடைய நாளுக்கும் என் நாளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் அப்படியே வந்து நின்றது. உடம்பெல்லாம் சூடேறியது.

“சார், இருட்டறையிலயும் இந்த வாட்ச்சப் பாத்துத்தான் நேரம் போடுறீங்களா?”

“பின்ன வேற எதைப் பாக்கிறது?” என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கமாட்டேன். நான் போட்ட கணக்கை அவரும் போட்டு முடித்துவிட்டார் என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

விஷயத்தை லோயர் மாத்தயாவுக்கு விளக்கினேன். பேராசிரியர் அரைமணி குறைத்து நேரம் போட்டால், சூரியன் உச்சிக்கு வர இன்னும் கூட நேரம் இருக்கிறது என்று கணினி நினைக்கும். நாம் சூரியனை நோக்கிப் போகிற வேகத்தை அளவுக்கு மேல் கழிக்கும். கழித்த மிச்சம், சூரியனில் பிளாஸ்மா கீழே ஓடுவது போலத் தெரியும். அது சூரியனில் நடக்கவில்லை, பேராசிரியரின் மணிக்கட்டில் நடந்தது என்றேன். கடைசி வாக்கியம் கொஞ்சம் வாய்த்துடுக்குத்தான்.

அன்று பின்னேரமே அவருடைய நாட்களை எல்லாம் அரைமணி நகர்த்திக் கணக்குப் போட்டோம். எல்லாம் என் நாட்களோடு வந்து ஒட்டிக்கொண்டன. பிளாஸ்மா மெல்லத்தான் இறங்குகிறது. என் வேலையும் நிரந்தரமானது.

“சரி, இப்ப சரிவந்திட்டுது” என்றார் பேராசிரியர். அவ்வளவுதான். தேநீர் மேசையில் நாலு பேர் முன்னால் சொன்னதற்குத் தனியாகக்கூட ஒரு வார்த்தை இல்லை. நான் காத்திருந்தேன். வெட்கங்கெட்டுப் பல நாள் காத்திருந்தேன்.

ஹோட்டலில் ஒரு கேள்வி

மறு வருடம் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தேன். நேர்முகம் கொழும்பில், கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில். வெள்ளைக்காரப் பெண் ஒருவரும் இன்னொருவரும் இருந்தார்கள். நான் செய்த வேலை பற்றி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குக் கிடைத்துவிடும் என்றே நினைத்தேன்.

அப்போது அந்தப் பெண் ஒரு கட்டுரையின் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் கட்டுரை. அதாவது, பேராசிரியரின் பெயர் மட்டும் போட்ட கட்டுரை. அச்சில் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு வரியின் கீழ் பென்சில் கோடு போட்டிருந்தது. நேரம் பதிவதில் உதவியாளர் ஒருவரால் ஏற்பட்ட அரைமணிப் பிழை பின்னர் கண்டறிந்து திருத்தப்பட்டது என்று இருந்தது. கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகள் இருந்தன.

“இந்த உதவியாளர் நீங்கள்தானா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

இல்லை என்றால், அங்கே வேறு உதவியாளரே கிடையாது. ஆம் என்றால் பொய். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்லவே எனக்குத் தெரிந்துவிட்டது, தன் பிழையை மேலதிகாரியின் தலையில் கட்டுகிறவள் போலத்தான் என் பேச்சு கேட்கிறது என்று. அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டு, பிரதியை என்னிடமே தந்தார். இடம் வேறொருவருக்குப் போனது.

திரும்பி வருகிற பஸ்ஸை வழியில் ஒரு இராணுவச் சென்றியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டினேன். சிப்பாய் என் பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தான், பையைக் கொட்டச் சொன்னான். கொட்டினேன். கொட்டியதைக் கோபத்தில் வாரி வாரித் திரும்பப் போட்டேன். பயத்தில் அவசரப்படுகிறேன் என்று அவன் நினைத்திருப்பான்.

அவருடைய அறையில்

கண்டியில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே மலைக்குப் போனேன். பேராசிரியர் அறையில் இருந்தார். பிரதியை அவர் முன்னால் போட்டேன்.

“என்னா சார் இது?”

அவர் எடுத்துப் பார்த்தார். “ஒரு வரி. ஒரு வரிக்கு இவ்வளவு துள்ளுறீரே?”

“அந்த ஒரு வரியில இருக்கிறது நானுங்க சார்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். “நான் வேற என்னெண்டு எழுதிறது? என்ர மணிக்கூடு பழைய நேரத்தில ஓடினது எண்டோ? ஏன் ஓடினது எண்டு கேப்பாங்கள். பழைய நேரம் இப்ப ஆரின்ர நேரம் எண்டு உமக்குத் தெரியுமே?”

தெரியும். வடக்கில் அரசாங்கத்தின் கைக்குள் வராத, இயக்கம் வைத்திருந்த இடங்களில் புது நேரம் கிடையாது. பழைய நேரந்தான்.

“லோயர் மாத்தயா சிரிச்சாருங்களே. பன்சலையிலயும் இப்பிடித்தான்னு.”

“அவர் சிரிப்பார். சென்றியில நிக்கிறவன் சிரிப்பானே? நான் அந்தப் பக்கத்து ஆள். அட்டையில எழுதியிருக்கு.”

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். அவருடைய அம்மா அங்கே தனியாக இருக்கிறாராம். ரெலிபோன் இல்லை. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. “அவ விளக்கு வைக்கிற நேரம், கஞ்சி குடிக்கிற நேரம் எல்லாம் எனக்குத் தெரியும். இதைப் பாத்தா, இப்ப அம்மா இதைச் செய்துகொண்டிருப்பா எண்டு நினைப்பன். மாத்த மனம் வரேல்லை, பிள்ளை.”

எனக்கு மனம் இளகவில்லை என்று சொல்லமாட்டேன். இளகியது. அந்தக் கடிகாரத்தை நான் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன். ஆனால் இளகிய மறு நொடியே கோபம் இரண்டு மடங்காக ஏறியது. இதை என்னிடம் முன்னமே சொல்லியிருந்தால் நானே அரைமணியைக் கூட்டிப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனே. யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லுகிற அளவுக்கு அவர் என்னை ஒரு ஆளாக மதிக்கவில்லை.

“அதுக்காக என்னைய மாட்டி விடுவீங்களா?”

“உம்மை ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். நீர் தோட்டத்துப் பிள்ளை.”

ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் சித்தப்பா மகன் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மரக்கறி லொறியில் கண்டிக்கு வரும்போது பிடிபட்டவன். அடையாள அட்டை இல்லை என்பது குற்றம். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழே ஒழுங்காக இல்லாத பல பேரில் அவன் ஒருவன். வாரக் கணக்கில் உள்ளே வைத்திருந்து வெளியே விட்டார்கள். வந்தபின் அவனுக்கு ஒரு காது கேட்கவில்லை. வலது பக்கமாக நின்று கூப்பிட்டால்தான் திரும்புவான்.

“அவனும் தோட்டத்துப் புள்ளைதாங்க சார். அவன யாரும் சந்தேகப்படலையா?”

பேராசிரியர் நிலத்தைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது.”

“இத்தன வருசமா ஒரே மேசையில டீ குடிக்கிறோம். ஒரு நாளாவது கேட்டீங்களா?”

நான் விடவில்லை. “உங்க வாட்ச்சப் பத்தி ஒன்னும் எழுத வேணாம். அம்மாவப் பத்தி எழுத வேணாம். அந்த அரமணி உதவியாளரோட பிழை இல்லைன்னு மட்டும் எழுதிக் குடுங்க. யாரோட பிழைன்னு சொல்ல வேணாம்.”

“பாப்பம்” என்றார்.

அந்தப் ‘பாப்பம்’ எப்படிப்பட்டது என்று நம் நாட்டில் எந்த அலுவலகத்திலாவது நின்றவர்களுக்குத் தெரியும். அவர் கடைசிவரை எழுதவில்லை.

யார் திருத்தலாம்

சஞ்சிகைக்கு நானே எழுதினேன். பதில் மரியாதையாக, ஒரே பந்தியில் வந்தது. வெளியான கட்டுரைக்குத் திருத்தம் கேட்கிற உரிமை அதை எழுதியவருக்குத்தான் உண்டு. நான் எழுதியவர் இல்லை, நன்றி சொல்லப்பட்டவர். அவர்கள் விதிப்படி சொன்னார்கள். அதை வாசித்துவிட்டு நஸீஹா சொன்னது, “இவங்கட நன்றிய இவங்களே வெச்சுக்கொள்ளட்டும்.”

சில மாதத்தில் நான் வேலையை விட்டேன். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அந்த வருடங்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனால் சூரியனை நான் அதற்குப் பிறகு அளக்கவில்லை. அந்தக் கோட்டை மறுபடி பார்க்கவே இல்லை. என்னிடமிருந்து எடுக்கப்பட்டது அதுதான்.

பிற்பாடு அரசாங்கம் நேரத்தைப் பழையபடியே மாற்றியது. நாடு முழுவதும் பேராசிரியரின் கைக்கடிகாரத்துக்குத் திரும்பி வந்தது. அவர் ஒரு விரலையும் அசைக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது வானத்தில் சுற்றுகிற கருவிகள் சூரியனின் காந்தத்தையும் பிளாஸ்மாவின் வேகத்தையும் இரவு பகல் இல்லாமல் அளக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண் போன மாதம் தொலைபேசியில் பேசினாள். எங்கள் மலையில் எடுத்த எண் சரியாகத்தான் இருக்கிறதாம், இன்னும் சிலர் அதை எடுத்துக் காட்டுகிறார்களாம். சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் கொஞ்சம் தயங்கிவிட்டு, “ஆன்ட்டி, அந்த அரைமணி நேரத்தப் பிழையாப் போட்டது நீங்கதானா?” என்று கேட்டாள்.

பேராசிரியர் செத்துப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய அம்மா அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். இனி எந்தச் சென்றியிலும் அவர்களை யாரும் இறக்கிவிடப் போவதில்லை. சஞ்சிகை போட மறுத்ததை இந்த வாரப் பத்திரிகை போடும். ஆகவே என் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கட்டுரையில் சொல்லப்பட்ட அரைமணிப் பிழை உதவியாளருடையது அல்ல. உதவியாளர் பதிந்த நேரம் ஒவ்வொரு நாளும் சரியாக இருந்தது. உதவியாளரின் பெயர் சு. புவனேஸ்வரி.